பூட்டுநிலை, பூட்டாநிலை: தலைக்கேமரா ஆய்வுகளுக்கான சொற்கள்

அனைவருக்கும் வணக்கம்.

மொரிசியஸில் பள்ளி இறுதியான எச்.எஸ்.சி. வகுப்பில் தமிழும் உயிரியலும் சேர்த்து எடுத்திருக்கும் பிள்ளைகளுக்காக நாம் தயாரிக்கும் அறிவியல் மடலில் இந்த முறை மூளை ஆய்வு வருகிறது. கட்டுரை தயார். இரண்டு சொற்களுக்குத்தான் இன்னும் தமிழ் அமையவில்லை. ஒன்று, விலங்கின் தலையில் பொருத்தும் கேமரா. இன்னொன்று, விலங்கு தன்பாட்டுக்கு நடமாடிக்கொண்டிருக்கும்போதே அதன் மூளை அணுக்களின் வேலையைப் பதிவு செய்யும் முறை. முதலாவதற்கு ‘சென்னி ஒளிப்படக்கருவி’, ‘தலைசூடி’ என்று இரண்டு பரிந்துரைகள் வந்தன. இரண்டாவதற்கு ‘சுதந்திர விலங்கு நரம்புப் பதிவு’, ‘உலவுநிலைப் பதிவு’. நான்குமே எனக்கு ஒத்துவரவில்லை. காரணத்தைச் சொல்ல, ஆய்வுக்கூடத்தில் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நரம்பணு எப்போது துடிக்கிறது, அதாவது மின்னைச் சுண்டுகிறது என்று அறிய, மிக மெல்லிய மின்முனையை அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். விலங்கு அசைந்தால் மின்முனை நகரும், அணு கைநழுவிப் போகும். அதனால் விலங்கை மயக்கத்தில் வைப்பார்கள், இல்லாவிட்டால் தலையை அசையவிடாமல் இறுக்குவார்கள். இன்றும் பல கூடங்களில் சுண்டெலியின் மண்டையோட்டின் மேல் ஓர் உலோகத் தகட்டைப் பல்மருத்துவர் பயன்படுத்தும் சிமெண்டால் ஒட்டி, அந்தத் தகட்டைத் திருகு போட்டு முடுக்குகிறார்கள். கால்களுக்கு அடியில் காற்றில் மிதக்கும் நுரைப்பந்து. எலி ஓடுகிறது, பந்து உருள்கிறது, தலை மட்டும் இம்மியும் நகராது. எதிரே திரையில் கோடுகள் ஓடும். எந்தக் கோட்டுக்கு எந்த அணு துடிக்கிறது என்று துல்லியமாக அளக்கலாம். இந்த வழியில் கிடைத்த அறிவு ஏராளம். அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் தலையைத் திருப்ப முடியாத எலியிடம் கேட்க முடியாத கேள்விகள் பல. 1971இல் லண்டனில் ஜான் ஓ’கீஃபும் ஜொனாதன் தோஸ்த்ரோவ்ஸ்கியும் எலியை நடமாட விட்டே மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பதிவு செய்தார்கள். எலி ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் அணுக்கள் தெரிந்தன. இட அணுக்கள் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறோமே, அவைதான். ஒரே இடத்தில் கட்டிப்போட்ட எலியில் அவை கண்ணில் பட்டிருக்காது. அந்த வழியில் போன மே-பிரிட் மோசர், எட்வர்ட் மோசர் இருவருக்கும் ஓ’கீஃபுக்கும் சேர்த்து 2014இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம் பிள்ளைகளுக்கு வௌவாலை வைத்துச் சொன்னால் உடனே பிடிபடும். நவம்பர், டிசம்பரில் லிச்சி பழுக்கும்போது வலை போர்த்திய மரங்களைப் பார்க்காத பிள்ளை மொரிசியஸில் கிடையாது. கிரியோலில் வௌவாலைச் சொல்லும் ‘சோவ்சூரி’ என்றால் பழம் போச்சே என்ற கவலைதான் வீட்டில் முதலில் வரும். 2015இலும் 2016இலும் அரசே அவற்றை ஆயிரக்கணக்கில் கொல்லச் செய்தது. 2018இல் அந்த இனம் அழியும் ஆபத்தில் இருப்பதாக உலகப் பட்டியலில் ஏறியது. அதன் தூரத்து உறவான எகிப்தியப் பழந்தின்னி வௌவாலை வைத்துத்தான் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் மைக்கேல் யார்ட்சேவும் நாஹும் உலனோவ்ஸ்கியும் 2013இல் ஒரு பெரிய செய்தியைச் சொன்னார்கள். கம்பியில்லாப் பதிவுக் கருவியைத் தலையில் வைத்துக்கொண்டு அறைக்குள் பறந்த வௌவாலின் இட அணுக்கள், தரையிலுள்ள இடத்தை மட்டும் குறிப்பதில்லை. காற்றுவெளியில் மிதக்கும் ஓர் உருண்டை போன்ற இடத்தைக் குறிக்கின்றன. மேலே, கீழே, பக்கவாட்டில் என்று மூன்று திசையிலும். பின்னர் 2021இல் அதே குழு வௌவால்களை 200 மீட்டர் நீளச் சுரங்கத்தில் பறக்கவிட்டுப் பார்த்தது. ஒரே அணு சில இடங்களைச் சிறிதாகவும் சில இடங்களைப் பெரிதாகவும் குறித்தது. சிறிய பெட்டியில் ஓடிய எலிகளால் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. லிச்சி மரத்துப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு பத்தியைச் சொல்லவாவது நல்ல தமிழ்ச் சொல் வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

இனி கேமரா. தலையை விட்டுவிட்டால் ஒரு சிக்கல் வருகிறது. எலி இப்போது எதைப் பார்க்கிறது என்று நமக்குத் தெரியாது. திரையை எதிரே வைத்திருந்தபோது அந்தக் கவலை இல்லை. அறையின் கூரையில் ஒரு கேமரா வைத்தால் உடல் போகும் திசை தெரியும், கண் திரும்பும் திசை தெரியாது. அதனால் கேமராவையே தலைமேல் ஏற்றினார்கள். 2013இல் ஜெர்மனியின் டூபிங்கனில் ஜேசன் கெர் குழுவினர் எலிகளின் தலையில் இப்படிச் சின்னஞ்சிறு கேமராக்களைப் பொருத்தி இரு கண்களையும் படம் பிடித்தார்கள். எலி தலையைச் சாய்க்கும்போது அதன் இரண்டு கண்களும் நம்முடையவை போல ஒன்றாகத் திரும்புவதில்லை, எதிரெதிராகக்கூடப் போகின்றன. ஆனால் தலைக்கு மேலுள்ள வானப்பகுதி மட்டும் எப்போதும் இரண்டு கண்ணின் பார்வைக்குள்ளும் இருக்கிறது. பருந்து வருவது அங்கிருந்துதானே.

2018இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் இதையும் நரம்பணுப் பதிவையும் ஒரே சுண்டெலியில் சேர்த்தார்கள். அந்த அமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது கண்ணுக்கு முன்னே நிற்கும் சிறு கண்ணாடி. அது அகச்சிவப்பு ஒளியை மட்டும் திருப்பும், கண்ணுக்குத் தெரியும் ஒளியை அப்படியே உள்ளே விட்டுவிடும். எலிக்கு அகச்சிவப்பு தெரியாது. ஆக எலி கண்ணாடி வழியாகத் தன் உலகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். கேமரா அதே கண்ணாடியில் எலியின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒருவரை ஒருவர் மறைப்பதில்லை. கும்மிருட்டில்கூட, எலி தலையை அசைத்தால் அதன் பார்வைப் புறணியின் (பார்வையைக் கையாளும் மூளைப் பகுதியின்) துடிப்பு மாறுவது இந்த அமைப்பில்தான் தெரிந்தது. பிறகு அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் நீல் குழுவினர் இரண்டு கேமராக்களைப் பொருத்தினார்கள். ஒன்று கண்ணைப் பார்க்கும், மற்றொன்று எலிக்கு முன்னேயுள்ள உலகத்தைப் பார்க்கும். இரண்டையும் இணைத்தால் அந்த நொடியில் எலியின் விழித்திரையில் என்ன விழுந்தது என்று கணக்கிட்டுவிடலாம்.

அப்புறம் மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. 2011இல் ஸ்டான்ஃபோர்டில் 1.9 கிராம் எடையில் ஒரு நுண்ணோக்கியைச் செய்து சுண்டெலியின் தலையில் வைத்தார்கள். நரம்பணு வேலை செய்யும்போது அதற்குள் கால்சியம் ஏறும். அப்போது ஒளிரும்படி ஒரு புரதத்தை முன்கூட்டியே அணுவுக்குள் வைத்திருப்பார்கள். அந்த மினுக்கலை இந்தக் கருவி படம் பிடிக்கும். இதுவும் தலையில் இருக்கும் கேமராதான், ஆனால் மூளைக்குள்ளே பார்ப்பது.

இப்போது ‘சென்னி ஒளிப்படக்கருவி’ என்றால் இந்த மூன்றில் எது? அதுதான் என் முதல் தடை. ‘சென்னி’ என்றால் தலை; அது கருவி இருக்கும் இடத்தைச் சொல்கிறது, அது பார்க்கும் திசையைச் சொல்லவில்லை. படிப்பவருக்கு வேண்டியது திசை. தொலைநோக்கி, நுண்ணோக்கி என்ற வரிசையில் நம்மிடம் நல்ல வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. ஆகவே கண்ணைப் பார்ப்பது கண்ணோக்கிக் கேமரா, வெளியே பார்ப்பது புறநோக்கிக் கேமரா, மூளையைப் பார்ப்பது தலை நுண்ணோக்கி. மூன்றையும் பொதுவில் சொல்லும்போது மட்டும் தலைக்கேமரா. ‘சென்னி’ வேண்டாம். வீட்டில் கிரியோல் பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைக்குத் தலை, கண், புறம் தெரியும். அவற்றிலிருந்தே சொல்லைக் கட்டினால் பொருள் தானே விளங்கும். ‘ஒளிப்படக்கருவி’யும் இங்கே இடிக்கிறது. நம் ஊரில் ‘கமேரா’ என்றாலே நகரும் படம் எடுப்பது, நிற்கும் படத்துக்கு ‘அபாரேய் ஃபோட்டோ’. இந்த ஆய்வில் எடுப்பது நகரும் படம். கேமரா என்றே இருக்கட்டும்.

‘சுதந்திர விலங்கு’ பற்றி எனக்குக் கடுமையான மறுப்பு உண்டு. அந்த எலி பெட்டிக்குள் இருக்கிறது. மண்டையோட்டில் திருகும் சிமெண்டும் இருக்கின்றன. பெரும்பாலும் உச்சியிலிருந்து கூரைவரை கம்பியும் போகும். 2017இல் வந்த நியூரோபிக்சல் என்ற மின்முனை ஊசி 10 மில்லிமீட்டர் நீளம், அதில் 960 பதிவுப் புள்ளிகள், ஒரே நேரத்தில் 384இலிருந்து கேட்கலாம். அத்தனை செய்தியும் அந்த மெல்லிய கம்பி வழியாகத்தான் வெளியே வருகிறது. இதைச் சுதந்திரம் என்று நம் பிள்ளைக்குக் கற்பித்தால் அறிவியலும் பிழை, தமிழும் பிழை. அதிலும் நீண்டவால் குரங்குகளை வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களுக்கு ஏற்றுமதி செய்யும் நாடு நம்முடையது. இங்கே அந்தச் சொல்லை அலட்சியமாகப் போட முடியாது.

‘உலவுநிலை’ இதைவிட நல்ல சொல். காதுக்கும் இனிமை. ஆனால் தூங்கும் எலியை என்ன செய்வது? 1994இல் மத்யூ வில்சனும் புரூஸ் மக்நாட்டனும், பகலில் எலி ஓடியபோது சேர்ந்து துடித்த இட அணுக்கள் பிறகு அது தூங்கும்போது மறுபடி சேர்ந்து துடிப்பதைக் காட்டினார்கள். நினைவு எப்படிப் படிகிறது என்ற கேள்விக்கு அது பெரிய திறப்பு. அந்த எலி உலவவில்லை, சுருண்டு படுத்திருந்தது. ஆனாலும் அந்தப் பதிவு இந்த வகையைச் சேர்ந்ததே. ஏன்? தலை இறுக்கப்படவில்லை. ஆகப் பிரிக்கும் கோடு ஓட்டமும் அல்ல, கம்பியும் அல்ல. தலை பூட்டியிருக்கிறதா, இல்லையா என்பது ஒன்றுதான்.

அதனால் தலையை இறுக்கிய முறைக்குப் பூட்டுநிலைப் பதிவு, இறுக்காத முறைக்குப் பூட்டாநிலைப் பதிவு என்று முன்மொழிகிறேன். ‘பூட்டா’ என்பது ‘பூட்டாத’ என்பதன் ஈறு கெட்ட வடிவம். எட்டாம் வகுப்பு இலக்கணத்தில் பிள்ளைகள் படித்ததுதான்.

‘நரம்புப் பதிவு’ என்பதில் ஒரு சிறு திருத்தம் போதும். பேச்சில் நரம்பு என்றால் கையில் புடைக்கும் இரத்தக்குழாயைக்கூடச் சொல்கிறோம். நரம்பணுப் பதிவு என்று வைத்துக்கொள்ளலாம். அதில் மின்முனையால் செய்வது மின்பதிவு. ஒளிரும் புரதத்தால் செய்வதை ‘ஒளிப்பதிவு’ என்று மட்டும் எழுதிவிட வேண்டாம், அது சினிமாவுக்குப் போய்விட்ட சொல். ஒளிர்வுப் பதிவு என்போம்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து

*

மறுமொழி

அன்புள்ள தம்பிக்கு,

மடலைப் படித்தேன். மூன்று கேமராக்களையும் பார்க்கும் திசையால் பிரித்தது எனக்கு முழுச் சம்மதம். புறநோக்கி என்றதும் அகமும் புறமும் படித்த பிள்ளை நிமிர்ந்து உட்காரும். கண்ணோக்கி மட்டும் சற்று இடறுகிறது. கண் மருத்துவர் கையில் வைத்திருக்கும் கருவியையும் ஒருவர் அப்படிச் சொல்லக்கூடும். ‘கேமரா’ என்ற ஒட்டை ஒருபோதும் விடாமல் எழுதினால் குழப்பம் வராது.

தலைசூடியைத் தாங்கள் தொடாமலே போய்விட்டீர்கள். அது என் பரிந்துரை, அதனால் கேட்கிறேன். பூச் சூடுகிறோம், முடி சூடுகிறோம். உடம்பில் வேறெங்கும் அணிவதற்கு இந்தச் சொல் வராது, தலைக்கே உரியது. இவ்வளவு பொருத்தமான வினையை விட்டுவிட்டு வெறும் ‘பொருத்தும்’ என்று எழுதுவது தமிழுக்கு இழப்பில்லையா?

அடுத்தது பூட்டாநிலை. ஒன்றை அது எதுவல்ல என்று சொல்லிப் பெயர் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பூட்டுவது இயல்பு, பூட்டாதது விலக்கு என்ற எண்ணத்தை அது விதைக்கும். விலங்கின் பக்கம் நின்று பார்த்தால் தலைகீழ்தானே உண்மை? அதோடு வகுப்பில் வாய்விட்டுப் படிக்கும்போது பூட்டுநிலை, பூட்டாநிலை இரண்டும் பின்வரிசைக்கு ஒன்றுபோலக் கேட்கும். ‘தன்போக்கு நிலை’ என்று வைத்தால் என்ன? தூங்கும் எலியும் தன் போக்கில்தான் தூங்குகிறது. நடந்தாலும் பறந்தாலும் படுத்தாலும் அந்தச் சொல் இடம் கொடுக்கும்.

நரம்பணு, ஒளிர்வுப் பதிவு இரண்டையும் அப்படியே ஏற்கலாம்.

ஆசிகளுடன்,
மோக்காவிலிருந்து அக்கா

*

மறுமொழி

அன்புள்ள அக்கா,

வணக்கம். ‘கேமரா’ ஒட்டை விடாமல் எழுதுவோம், நல்ல யோசனை.

சூடுதல் அழகான வினை. அந்த அழகினால்தான் இங்கே தயங்குகிறேன். மணப்பெண் பூச் சூடுவதிலும் மன்னன் முடி சூடுவதிலும் சூடுகிறவருக்கு ஒரு விருப்பமும் பெருமையும் உண்டு. சுண்டெலிக்கு மயக்கம் கொடுத்து, தோலை விலக்கி, மண்டையோட்டில் சிறு துளையிட்டு, சிமெண்ட் பூசி வைப்பது அது. 25 கிராம் உடம்புக்கு 2 கிராம் கருவி என்றால் எடையில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. நல்ல ஆய்வாளர்கள் இந்த எடையைக் குறைக்க ஆண்டுக்கணக்கில் பாடுபடுவதே அது விலங்குக்குச் சுமை என்று அவர்களுக்குத் தெரிவதால்தான். அந்தச் சுமையைச் சொல் மறைக்கக் கூடாது. ‘பொருத்திய’ என்பது நடந்ததை நடந்தபடி சொல்கிறது. பறவை ஆய்வாளர்கள் தோலில் ஒட்டும், முதுகில் வார் போட்டுக் கட்டும் கருவிகளிலிருந்து இதைப் பிரித்தும் காட்டுகிறது.

தன்போக்கு பற்றி நெடுநேரம் யோசித்தேன். கட்டுரையின் ஓட்டத்தில் ‘எலி தன் போக்கில் திரிந்தது’ என்று தாராளமாக எழுதுவோம், அதைவிட நல்ல தொடர் கிடையாது. கலைச்சொல்லாக வைக்கும்போதுதான் சிக்கல். பந்தின் மேல் தலை பூட்டிய எலிகூட எப்போது ஓடுவது, எப்போது நிற்பது என்பதைத் தன் போக்கில்தான் முடிவு செய்கிறது. யாரும் அதைத் தள்ளிவிடுவதில்லை. பல ஆய்வுக் கட்டுரைகளில் இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுதியிருப்பார்கள்: அதே அணு, அதே எலி, தலை பூட்டியபோது ஒரு மாதிரி, பூட்டாதபோது வேறு மாதிரி. அந்த ஒப்பீட்டில் தன்போக்கு இரண்டு பக்கமும் இருக்கிறது. தலைப்பூட்டு மட்டும் ஒரு பக்கம்தான் இருக்கிறது.

கடற்பறவையை வைத்தும் சோதித்துப் பார்த்தேன். 2016இல் நீல்ஸ் ராட்டன்போர்க் குழுவினர் கலாபகோஸ் தீவுகளில் பெரிய கடற்கொள்ளைப் பறவைகளின் தலையில் மூளை மின்னலைகளைப் பதியும் சிறு கருவியை வைத்து விட்டார்கள். பத்து நாள்வரை தரையிறங்காமல் கடல்மேல் பறந்த பறவைகள் பறந்தபடியே தூங்கின. சில நேரம் மூளையின் ஒரு பாதி மட்டும், சில நேரம் இரண்டு பாதியும் சேர்ந்து. பறக்கும் நாள்களில் ஒரு நாளைக்குச் சராசரி 42 நிமிடம்தான் தூக்கம், கரையில் இருக்கும்போது 12 மணி நேரத்துக்கு மேல். காற்று இழுத்துக்கொண்டு போக, இறக்கை விரித்துத் தூங்கும் பறவை உலவுகிறதா, தன் போக்கில் போகிறதா, காற்றின் போக்கில் போகிறதா? எதைச் சொன்னாலும் ஒருவர் மறுக்கலாம். பூட்டாநிலை என்றால் மறுக்க இடமில்லை. இந்தப் பறவைகளில் பதிந்தது தனி அணுக்களின் துடிப்பு அல்ல, மேலிருந்து கேட்கும் மின்னலைதான். ஆகவே நரம்பணுப் பதிவு என்று இதைச் சொல்லாமல் மூளையலைப் பதிவு என்று தனியே குறித்துக்கொள்வோம். நிலைக்கான சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது.

எதிர்மறைச் சொல் கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. பொய்யாமொழி என்று குறளைச் சொல்கிறோமே, பொய்ப்பதுதான் மொழியின் இயல்பு என்று யார் நினைக்கிறோம்? வாடாமலரும் அப்படித்தான். தமிழில் இந்த ஆகாரம் குறையைச் சொல்வதைவிட மேன்மையைச் சொல்லத்தான் அதிகம் வந்திருக்கிறது. விலங்கின் பக்கம் நின்று தாங்கள் சொன்னது நியாயம். என் கணக்கில் அந்த நியாயத்துக்குப் ‘பூட்டு’ என்ற சொல்லே துணை. பூட்டுநிலைப் பதிவு என்று எழுதும் ஒவ்வொரு முறையும், அங்கே ஓர் உயிரின் தலை பூட்டப்பட்டிருக்கிறது என்பது கண்முன் வரும்.

பின்வரிசைக்கு ஒன்றுபோலக் கேட்கும் என்றது உண்மையான தொல்லை. வாய்விட்டுப் படிக்கும் பகுதிகளில் ‘தலை பூட்டிய’, ‘தலை பூட்டாத’ என்று விரித்தே எழுதிவிடலாம். பூட்டாநிலை என்ற சுருக்கத்தைப் படத்தின் கீழும் சொல்லடைவிலும் வைப்போம்.

இன்னும் ஒன்று மட்டும் மீதி. அணு ஒருமுறை மின்னைச் சுண்டுவதற்குக் கட்டுரையில் சில இடத்தில் ‘துடிப்பு’, சில இடத்தில் ‘முள்’ என்று இருக்கிறது. திரையில் அது முள்போலத் தெரிவது உண்மைதான், ஆனால் நடப்பது துடிப்பு. எல்லா இடத்திலும் மின்துடிப்பு என்று மாற்றி, பல அணுக்களின் துடிப்பு கலந்து வரும்போது எது யாருடையது என்று பிரிக்கும் வேலையைத் துடிப்புப் பிரிப்பு என்று எழுதியிருக்கிறேன். தங்களுக்குச் சரி என்றால் வரைவை இன்றே அச்சுக்குக் கொடுப்பவரிடம் சேர்த்துவிடுகிறேன். மற்றவர்களும் ஆட்சேபம் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், வௌவால் படத்தின் கீழுள்ள வரியை அதுவரை மாற்ற முடியும்.

அன்புடன்,
ரோஸ் ஹில்லிலிருந்து